ஓரி, காரி, லக்ஷித்

எங்கள் பக்கம் பெயர் வைக்கும் நாளன்று பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது அத்தைதான். வெள்ளி அரைஞாண், பால் சங்கு, தொட்டில் என்று சீர் செய்வதும் அவள்தான் என்பதால் அந்த உரிமையைப் பறிக்க யாரும் முன்வருவதில்லை. ஆனால் எந்தப் பெயர் என்று முடிவு செய்வதில் அவளுக்கு என்ன பங்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும். தம்பிக்கு மகன் பிறந்தபோது எனக்கு இடைப்பட்ட ஒரு பதவி கிடைத்தது. ஆளாளுக்கு அனுப்புகிற பெயர்களை வடிகட்டிக் கொடுக்க வேண்டும். தம்பி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "யாரும் வைக்காத பேரா இருக்கணும்க்கா."

அவன் ஆசைக்குக் காரணம் உண்டு. அவன் பெயர் கார்த்திக். எண்பதுகளின் கடைசியில் பிறந்தவன். எஸ். கார்த்திக், எம். கார்த்திக், குண்டு கார்த்திக், கண்ணாடி கார்த்திக் என்று வகுப்பில் ஒரு கூட்டமே உண்டு. இன்றைக்கும் தெருவில் யாராவது கார்த்திக் என்று கூப்பிட்டால் அவன் திரும்ப மாட்டான். வேறு யாரையாவதுதான் கூப்பிடுவார்கள் என்று அவ்வளவு உறுதி.

யாரும் வைக்காத பெயரைத் தேடிப் புறப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் போய் நிற்பதுதான் வேடிக்கை. என் மகளின் எல்.கே.ஜி. வகுப்பில் ரித்விக், ருத்விக், ரித்திக், கிருத்திக், சாத்விக், தன்விக் எல்லாரும் இருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரிய பெயர். வரிசையாகக் கூப்பிடும்போது மிஸ்ஸுக்கே நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. அந்த ஆறு வீட்டிலும் ஆறு அப்பாக்கள் இரவெல்லாம் கண்விழித்து, ஊரில் இல்லாத பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று படுத்திருப்பார்கள்.

இந்த 'ஷ்', 'க்', 'த்' மோகத்தைப் புதுசு என்று திட்டுகிறவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கலாம். சுப்பையாக்களும் சண்முகங்களும் தங்கள் பிள்ளைகளுக்கு சுரேஷ், ரமேஷ், மகேஷ் என்று வைத்தபோது அதுவும் இதே ஆசைதான். அன்றைக்கு அந்தப் பெயர்களில் பட்டணத்து வாசனை இருந்தது. அந்த சுரேஷ் இப்போது மகனுக்கு ஜஷ்வந்த் என்று வைத்துவிட்டு, "எங்கப்பா எனக்கு ரொம்ப சாதாரணமா ஒரு பேரை வச்சுட்டார்" என்கிறார். பாவம், அந்த அப்பா.

பெற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது பெயரின் அர்த்தத்துக்காக. 'சூரியனின் முதல் கதிர்', 'வெல்ல முடியாதவன்', 'விஷ்ணுவின் இன்னொரு பெயர்' என்று செயலிகள் அள்ளிக் கொடுக்கின்றன. அவற்றை நம்பினால் வாயில் வருகிற எந்த ஓசையும் விஷ்ணுவின் பெயராகத்தான் இருக்கும். ஆனால் கேட்கிறவர் காதில் அர்த்தம் விழுவதே இல்லை. சுரேஷ் என்றால் தேவர்களின் தலைவன். எதிர்வீட்டு சுரேஷைப் பார்த்து யாருக்காவது இந்திரன் நினைவு வந்திருக்கிறதா? கேட்கிறவர் மனத்தில் ஓடுவது வேறு கணக்கு. எந்த ஊர், என்ன மதம், என்ன ஆளுங்க, அப்பா எந்தக் கட்சி, வயசு என்ன இருக்கும், இதே மாதிரி பெயரில் நமக்குத் தெரிந்தவன் எப்படிப்பட்டவன். இதோடு, பெயர் வேறு எந்தச் சொல்லை ஞாபகப்படுத்துகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். நான் பெயர்களை எடை போட்டது இந்தத் தராசில்தான்.

முதலில் வந்தவை சங்ககாலப் பெயர்கள். தம்பி மனைவி தமிழ் படித்தவள். "மதினி, கடையெழு வள்ளல்கள்ல இருந்து ஒண்ணு எடுப்போமா? பாதிப் பேரை யாருமே வைக்கலை" என்றாள். நல்ல யோசனை. ஏழு பேரையும் வரிசையாக எழுதி, பத்து வயதுப் பையன்கள் நிறைந்த ஒரு வகுப்பறையில் நிறுத்திப் பார்த்தேன்.

பேகன், பழனி மலைப்பக்கம் ஆண்டவன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். வகுப்பில் அவன் 'ஸ்கூல் பேக்'. நள்ளி, இரவலருக்கு அள்ளிக் கொடுத்த மலைநாட்டுத் தலைவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நல்லி எலும்பு என்று ஒருவன் சொன்னால் போதும், பன்னிரண்டாம் வகுப்பு வரை அதுதான். காரி, திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி. எவ்வளவு கம்பீரம். ஆனால் 'காரி' என்ற ஓசைக்குப் பின்னால் இன்றைய தமிழில் 'துப்பு' என்று ஒரு சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு பால்காரி, பூக்காரி, வேலைக்காரி. ஆய், பொதிகை மலைத் தலைவன், ஆய் அண்டிரன். கைக்குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சியவர்கள் மூன்று பேர். பாரி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவன். முல்லைக்குத் தேர் கொடுத்த கதை பாடப்புத்தகத்தில் இருப்பதால் கேட்டவுடன் எல்லாருக்கும் ஒரு நல்ல எண்ணம் வந்துவிடும். அதியமான் கொஞ்சம் மேடைப் பெயர். தர்மபுரிப் பக்கம் இயல்பாக இருக்கும். எங்கள் ஊரில் வைத்தால் வீட்டில் யாரோ தமிழாசிரியர் என்று நினைப்பார்கள். ஓரி எனக்குப் பிடித்திருந்தது. கொல்லிமலை வல்வில் ஓரி. ஆடி மாதத்தில் அங்கே அரசு விழாவே நடக்கிறது. இரண்டே எழுத்து, சொல்ல எளிது, கெட்ட ஓசை எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தம்பி கேட்டவுடனே, "போன்ல சொன்னா, 'ஓரியா? முழுப் பேரைச் சொல்லுங்க'ன்னு கேப்பாங்கக்கா" என்றான். அதுவும் சரிதான். ரெண்டெழுத்துப் பெயரைச் செல்லப்பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

எழினி என்று ஒரு பெயர் இருக்கிறது. அதியமான் மரபில் வரும் பெயர், நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. சந்தேகமில்லாமல் ஆண் பெயர். இன்று எழினி என்று ஒரு பையனைக் கூப்பிட்டுப் பாருங்கள். நளினி, யாழினி, நந்தினி என்று பழகிய காது அதைப் பெண் என்றே முடிவுகட்டிவிடும். பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைக்கவும் தொடங்கிவிட்டார்கள். புறநானூற்றை ஆதாரம் காட்டிப் பள்ளிக்கூட வாசலில் வழக்காட முடியாது. அருள்மொழியும் அப்படித்தான். ராஜராஜ சோழனின் இயற்பெயர் அருள்மொழிவர்மன். ஆனால் எனக்குத் தெரிந்த அருள்மொழிகளில் பெண்களே அதிகம். ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர் இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை என்பது என் கட்சி. தமிழ், மதி, எழில் எல்லாம் எனக்குப் பிடித்தவை. ரயிலில் பெண்கள் பெட்டிக்கா டிக்கெட் என்று கேட்பார்களே என்பது அப்பாவின் கவலை.

இன்னொரு வகைத் தொல்லை, பிரபலமான பெயருக்கு ஓர் எழுத்துத் தள்ளி இருக்கிற பெயர். குமணன் அப்படி. முதிரமலைத் தலைவன், பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல், தன் தலையையே கொண்டுபோ என்று வாளை நீட்டியவன். அவன் பெயரை வைத்தால் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் குமரன் என்றுதான் வரும். கணினியில் அடிக்கிறவர் நமக்கு நல்லது செய்வதாக நினைத்துத் திருத்துவார். வளவன் என்றால் வல்லவன் என்பார்கள். கத்தோலிக்க நண்பர்கள் நடுவே வளர்ந்தால் வளனா என்று கேட்பார்கள். சூசையப்பரைத் தமிழில் வளனார் என்பதும் உண்டே.

கத்தோலிக்கப் பெயர்கள் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. தமிழில் இருக்கிற அரிய ஆண் பெயர்களில் ஒரு நல்ல பங்கு அங்கேதான் கிடக்கிறது. பீட்டர் இராயப்பன் ஆனார், பால் சின்னப்பன் ஆனார், ஜான் அருளப்பன், ஜேம்ஸ் யாகப்பன், சேவியர் சவரிமுத்து. கடற்கரை ஊர்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் இந்தப் பெயர்கள் மணமணக்கும். இப்போது அந்த வீட்டுப் பேரன்கள் ஜோயல், ரயன், ஜெய்டன். யாகப்பன் என்று ஒரு மூன்று வயதுப் பையன் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்பாக்களின் வாழ்க்கைக் குறிப்பைச் சுமக்கிற பெயர்கள் ஒரு தனி வகை. ககாரின் என்றால் 1961 அல்லது அதற்குச் சற்றுப் பின் பிறந்தவர், கென்னடி என்றால் 1963ஐ ஒட்டியவர், திலீபன் என்றால் 1987க்குப் பிந்தியவர் என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இங்கர்சால், சாக்ரடீஸ், ரூசோ என்றால் சுயமரியாதைக் குடும்பம். பெரியார் 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்த பிறகு பிள்ளைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றுகூடப் பெயர் வைத்தார். இந்தப் பெயர்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவன் பிறந்த வாரம் அப்பா எந்தச் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்லும்.

மு.க. ஸ்டாலின் விஷயத்தில் இது நாள் கணக்கில் பொருந்தும். அவர் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. பெரியாரின் 'அய்யா'வையும் அண்ணாதுரையின் 'துரை'யையும் சேர்த்து அய்யாதுரை என்றுதான் முதலில் வைப்பதாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பள்ளியில் சேர்க்கப் போனபோது பெயரை மாற்றச் சொன்னார்கள், பள்ளியை வேண்டுமானால் மாற்றுவேன், பெயரை மாற்ற மாட்டேன் என்று கருணாநிதி சொல்லிவிட்டார் என்ற கதையும் மேடைகளில் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். மூன்றே வருடத்தில், 1956இல், குருசேவ் அந்த ரஷ்ய ஸ்டாலினைக் கட்சி மாநாட்டிலேயே கிழித்துத் தொங்கவிட்டார். உலகத்தின் பல பகுதிகளில் அந்தப் பெயர் கேட்கவே கூசுகிற பெயர் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஆகவில்லை. இங்கே ஸ்டாலின் என்றால் மாஸ்கோ நினைவுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெயரை வைத்திருந்தவர், பெயர் வந்த இடத்தை மறக்கடித்துவிட்டார். அதுவும் நடக்கும். ஆனால் அதற்கு முதலமைச்சர் ஆகிற அளவுக்கு ஓட வேண்டும். எல்லாப் பிள்ளையையும் அப்படி ஓடவிட முடியாது.

இதுவரை சொன்னவை வேடிக்கை. வேடிக்கை இல்லாத பகுதி எங்கள் தாத்தாவின் பெயரில் தொடங்குகிறது.

அதில் 'சுடலை' உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் இது உலக வழக்கம். சுடலைமாடன் காவல் தெய்வம். சுடலைமுத்து, சுடலையாண்டி, மாடசாமி, இசக்கிமுத்து, பேச்சிமுத்து எல்லாம் எங்கள் தெருவில் காலையில் கேட்கிற குரல்கள். மதுரையைத் தாண்டிவிட்டால் 'சுடலை' என்றவுடன் முகம் மாறுகிறது. சுடுகாடா என்று கேட்பார்கள். என்னோடு சென்னையில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், முதல் மாதம் முடிவதற்குள் மின்னஞ்சலில் 'எஸ். முத்து' ஆகிவிட்டார். மேசையில் இருந்த பெயர்ப்பலகையும் அப்படியே. மதிய நேரத்தில் ஊரிலிருந்து அவர் அம்மா பேசும்போது மட்டும் படிக்கட்டுப் பக்கம் போய், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமாம்மா, சுடலைதான் பேசுதேன்" என்பார்.

அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெயரைப் பார்த்து ஆளை எடை போடுவது கற்பனை இல்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் வெளியிட்ட ஆய்வில், தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. படிப்பு, அனுபவம் எல்லாம் அதே. பெயர் ஒன்றுதான் வேறு.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுகிற வழக்கத்தை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், பெரியார் தன் பெயரிலிருந்து 'நாயக்க'ரை எடுத்தார். வால் போனது நல்லதுதான். ஆனால் வால் செய்த வேலையில் பாதியை இயற்பெயரே செய்யத் தொடங்கிவிட்டது. மாடசாமி என்றால் ஒரு கணக்கு, காத்தவராயன் என்றால் ஒரு கணக்கு, வெங்கடநாராயணன் என்றால் ஒரு கணக்கு. குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று முன்பு வைத்த பெயர்களுக்குப் பின்னால் பிள்ளை தங்காத வீட்டின் பயம் இருந்தது. பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, இது யாருக்கும் வேண்டாதது என்று எமனை ஏமாற்றுகிற ஏற்பாடு. கேட்கிறவன் அந்தப் பயத்தைக் கேட்பதில்லை. ஏழை, படிக்காதவன் என்று மட்டும் எழுதிக்கொள்கிறான்.

இந்த இடத்தில்தான் லக்ஷித்துகள் மேல் எனக்கு மரியாதை வந்தது. லக்ஷித் என்ற பெயரை வைத்துக்கொண்டு அவன் குலசாமி எது, எந்தத் தெரு, தாத்தா என்ன தொழில் செய்தார் என்று எந்த மேலாளரும் கண்டுபிடிக்க முடியாது. எல்லா ஊரிலும், எல்லாச் சாதியிலும், ஒரே செயலியைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். நான் கேலி செய்த அந்த 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கே' என்ற குணம்தான் அவற்றின் பலம். தனித்தமிழ்ப் பெயர்கள் ஒருகாலத்தில் செய்ததும் இதையே. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனபோதும், ராமையா அன்பழகன் ஆனபோதும், மொழிப்பற்றோடு சேர்த்து இன்னொன்றும் நடந்தது: பழைய பெயர் காட்டிக்கொடுத்த அடையாளம் மறைந்தது. அவை சாதியை மறைத்தன, கட்சியைக் காட்டின. லக்ஷித் கட்சியையும் மறைக்கிறது. வருத்தம் என்னவென்றால் ஊரையும் மொழியையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. சுடலை என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்கிறவன் மாறாமல், சுடலைகள் மட்டும் மாறிக்கொண்டே போவது எனக்கு ஒப்பவில்லை. அதற்காக எட்டு நாள் குழந்தையைப் போராளியாக்கி அனுப்பவும் மனம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் பெயர் தேடினோம்.

தேடலில் ஜோசியர் வந்து சேர்ந்தார். பிள்ளை ஆயில்யம். ஆயில்யத்துக்கு உரிய எழுத்துகள் டி, டு, டே, டோ. தமிழில் டகரத்தில் தொடங்குகிற சொல்லே கிடையாது. அந்த எழுத்து அட்டவணை வடமொழி ஒலிகளுக்காகப் போட்டது. அதை அப்படியே நம் பஞ்சாங்கத்தில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் ஆளாளுக்கு யோசித்தும் டேவிட்டைத் தாண்ட முடியவில்லை. ஆச்சி, "அது வேதக்காரவுக பேருல்லா" என்று நிறுத்திவிட்டாள். கடைசியில் ஜோசியரே, "டகரத்துக்குப் பதிலா தகரம் போட்டுக்கிடலாம்" என்றார். அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்றால் மகரமும் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

எண்கணிதக்காரர்களை உள்ளேயே விடவில்லை. ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' அல்லது 'ஹெச்' கூட்டினால் அதிர்ஷ்டம் வரும் என்றால், தமிழில் எழுதும்போது அது எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று கேட்டால் பதில் இல்லை. கூட்டிய எழுத்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி நின்று ஆயுளுக்கும் அலையவைக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

ழகரம் வேண்டாம் என்பதில் தம்பி உறுதியாக இருந்தான். எனக்குச் செழியன் மேல் ஓர் ஆசை. ஆனால் கனிமொழியை டெல்லித் தொலைக்காட்சிகள் 'கனிமொஜி' ஆக்கியதைப் பார்த்த பிறகு அவனோடு வாதாட முடியவில்லை. அவன் வேலை பார்ப்பது வளைகுடாவில். செஜியன் என்று கூப்பிடுவார்கள் என்றான். பெயர் மட்டும் போதாது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்றும் வேண்டும் என்று சொன்னதும் அவன்தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது முன்னெழுத்தோடு வாழ்ந்து பழகிய நம் ஆட்கள் பட்ட பாடு அவனுக்கு நேரில் தெரியும். ஆக, பிள்ளையின் பெயருக்குப் பின்னால் கார்த்திக் வரப்போகிறான். வகுப்பில் ஒரு கூட்டத்தோடு இருந்த அதே கார்த்திக்.

அவசரப்பட வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதி. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், ஆனால் பெயரில்லாமலே பதியலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்துப் படிவத்தை நீட்டும்போது, வாயில் வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். பதிந்த பெயரை மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கடைசிச் சுற்றில் வாயில் போட்டு உருட்டிப் பார்த்தேன். வேற்றுமை உருபு ஏற்கிறதா? 'பாரிக்குப் பால் கொடுத்தாச்சா' என்பது வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது. 'ரித்விக்குக்குப் பால்' என்பதற்குள் பால் ஆறிவிடும். தூரத்தில் இருந்து கூப்பிட முடிகிறதா? அன் என்று முடிகிற பெயருக்கு இது ஒரு வசதி, மாறா, வளவா என்று வாயைத் திறந்து கத்தலாம். ஐம்பது வயதில் எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன். 'தாசில்தார் தன்விக்', 'கிரிஷ்வின் தாத்தா' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம். அப்புறம் யோசித்தால், ரமேஷ் தாத்தாக்கள் இப்போது ஊர் முழுக்க இருக்கிறார்கள், யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. இந்தச் சோதனையைக் கைவிட்டேன்.

ஆச்சி சோதனையைக் கைவிட முடியாது. எண்பது வயதுக்கு மேல் ஆன ஒருத்தி நாள் முழுக்கக் கூப்பிடப் போகிற பெயர் அது. ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொன்னோம். லக்ஷித், 'லெச்சுமி' ஆனான். ஜஷ்வந்த், 'சேசுவந்தான்' ஆனான். எங்கே வந்தான் என்று தம்பி கேட்டான். ஓரியைச் சரியாகச் சொன்னாள். "ஆனா நரி மாதிரில்லா இருக்கு" என்றாள். நன்மாறன் சுத்தமாக வந்தது. அது இரண்டு பாண்டியர்களின் பெயர். மதுரையில் சொன்னால், எம்.எல்.ஏ.வாக இருந்தும் எளிமை மாறாத என். நன்மாறனை நினைத்துக்கொள்வார்கள். ஒரு பெயருக்கு அதைவிட நல்ல சிபாரிசு கிடைக்காது. ஆனாலும் தம்பி மனைவிக்கு மனசு ஒட்டவில்லை. பெற்றவள் அவள், நான் மேற்கொண்டு பேசவில்லை.

வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. காரணம் இதுதான்: பெயர் கிடைத்தவுடன் தம்பி தேடுபொறியில் போட்டுப் பார்த்தான். அந்தப் பெயரில் யாருமே வரவில்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் பயம். கார்த்திக் என்று தேடினால் லட்சம் பேர் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் என் தம்பி பரீட்சையில் தோற்றதும், யாரோடோ சண்டை போட்டதும், அசட்டுத்தனமாக எழுதிய கவிதையும் பத்திரமாக ஒளிந்து கிடக்கின்றன. இவனுக்கு அந்த ஒதுங்கிடம் கிடையாது. எங்கே எது எழுதினாலும் அவன் ஒருத்தன்தான் வருவான். அதில் முதல் பக்கமாக அத்தை எழுதிய கட்டுரை வர வேண்டாம். மூன்று அசை, ஷகரமும் ழகரமும் இல்லை, ஆச்சி வாயில் நுழைகிறது, சாதி சொல்லாது, தமிழ் என்று சொல்லும். இவ்வளவு போதும். வீட்டில் கூப்பிடத் தாத்தாவின் பெயரில் இருந்து முத்துவை எடுத்துக்கொண்டோம். சுடலையை ஆச்சி மட்டும் சேர்த்துச் சொல்கிறாள், தம்பி மனைவி காதில் விழாத மாதிரி இருந்துகொள்கிறாள்.

வடிகட்டியதில் தங்கிப்போன பெயர்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. நன்மாறன், வளவன், குமணன், யாகப்பன். வீட்டில் ஆண் பிள்ளை பிறந்து பெயர் கிடைக்காமல் தவிக்கிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஓரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறான். காரியை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.